இரண்டு மீரான்களில் ஒருவர்

பம்பாயிலிருந்து கோவாவுக்குக் கப்பலில் போவதுதான் எல்லோருக்கும் வழக்கம். மழை பிடித்துவிட்டால் அந்தக் கப்பல் ஓடாது என்பதால் நான் ரயிலில் போனேன். ஓடியிருந்தாலும் ரயிலில்தான் போயிருப்பேன். தாராவியில் எங்கள் வீட்டில் அந்த வருஷம் கப்பல் என்ற பேச்சே கிடையாது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வாப்பா மாசி மாதம் ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏறினார். பேர் செய்யது மீரான். தாராவியில் சின்னதாக ஒரு தோல் பட்டறை வைத்து பெல்ட்டும் பையும் தைத்துக்கொண்டிருந்தோம். அவர் போன சில நாளில் கப்பல் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்தான். செய்யது மீரான், திருநெல்வேலி ஜில்லா, நடுக்கடலில் காலமானார், கடலிலேயே அடக்கம் செய்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அழுது ஓய்வதற்குள் இன்னொரு சேதி வந்தது. அதே கப்பலில் இரண்டு செய்யது மீரான்கள் இருந்தார்களாம், இரண்டு பேருமே திருநெல்வேலி ஜில்லாவாம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒரே தர்காவுக்கு நேர்ந்துகொண்டு, பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் ஒரே பேரை வைத்துவிடுவோம். எங்கள் தெருவில் மீரான் என்று கூப்பிட்டால் ஐந்தாறு தலை திரும்பும். ஆளுக்கொரு பட்டப்பெயர் இருப்பதால் ஊருக்குள் சமாளிக்கிறோம். கப்பல் ஆபீஸுக்குப் பட்டப்பெயர் எப்படித் தெரியும்? விவரம் கேட்டால், இறந்தவருடைய பயணப் பாஸ், பெட்டி எல்லாவற்றையும் ஜித்தாவில் ஒப்படைத்துவிட்டோம், அங்கே கேளுங்கள் என்று கையை விரித்தார்கள்.

ஹஜ் முடிந்து ஜனங்கள் திரும்பினார்கள். வாப்பா வரவில்லை. இன்னொரு மீரானும் வரவில்லை. அவர் ஊரிலிருந்து வந்து ஏறிய அரிசி வியாபாரி. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர் என்பதால் அவரைத் தேடவும் ஆளில்லை. திரும்பியவர்களில் ஒருவர், செய்யது மீரான் என்று ஒருத்தர் மக்காவிலேயே தங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றார். எந்த மீரான் என்று அவருக்கும் தெரியவில்லை.

அந்த ஒரு சொல் போதாதா உம்மாவுக்கு? புருஷன் இறந்தால் மனைவி இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் நகையைக் கழற்றி, வெள்ளை உடுத்தி, வாசல் தாண்டாமல் உள்ளறையில் இருக்கிற துக்கம் அது. உம்மா இருக்க மாட்டேன் என்றுவிட்டாள். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு கடைக்குப் போய் மீன் வாங்கினாள். தெருப் பெண்கள் வந்து வந்து சொல்லிப் பார்த்தார்கள்.

"நான் எதுக்குட்டி இத்தா இருக்கணும்? ஆளு அங்க குத்துக்கல்லு மாதிரி இருக்காக" என்றாள்.

"இருந்தா ஒரு கடிதாசி போட்டிருக்க மாட்டாகளா மைனி?"

"எழுதத் தெரியாத மனுசன் எப்படிக் கடிதாசி போடுவாக?"

பள்ளிவாசல் ஹஜரத்தும் அவளை வற்புறுத்தவில்லை. "பார்த்த கண்ணு ஒண்ணாவது வேணும் காசிம். அதுவரைக்கும் ஒண்ணும் சொல்லதுக்கில்ல" என்று என்னிடம் சொன்னார். கப்பலில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட ஆள் கைத்தான் என்று ஒரு கோவாக்காரர் என்றும், கால் முறிந்து வாஸ்கோவில் தன் வீட்டில் கிடக்கிறார் என்றும் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர் மூலம் தெரியவந்தது. அந்தக் கண்ணைத் தேடித்தான் கிளம்பினேன். போகிற வழியில் அருவி, மலை, குகை எல்லாம் வரும், பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பட்டறையில் ஒருவன் சொன்னான். அவனை அறையலாம் போலிருந்தது.

காலையில் ரயில் புறப்படும்போதே மழை. கல்யாண் தாண்டியதும் பச்சை தொடங்கிவிட்டது. தாராவியில் பச்சை என்றால் கழிவுநீர் ஓடையின் ஓரத்துப் பாசிதான். இங்கே மலை முழுக்கப் பச்சையாக நின்றது. கர்ஜத்தில் பின்னால் ஓர் எஞ்சினைச் சேர்த்தார்கள். அந்த நேரத்தில் ஜனம் முழுக்க இறங்கி உருளைக்கிழங்கு வடைக்கு அடித்துக்கொண்டது. நானும் இடித்துப் பிடித்து இரண்டு வாங்கினேன். துக்கத்தில் இருக்கிறவனுக்குப் பசிக்காது என்று யார் சொன்னது? நன்றாகப் பசித்தது. பசித்ததற்காக என்மேல் எனக்கே கோபம் வந்தது. ஆனாலும் இரண்டையும் தின்றேன்.

குகைக்குள் ரயில் நுழையும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்திருந்த மராத்திக்காரர் குழந்தை ஊளையிட்டது. வெளியே வந்ததும் ஏதாவது ஒரு பாறையிலிருந்து தண்ணீர் கொட்டியது. "பார், பார், பாலைக் கவிழ்த்துவிட்டார்கள்" என்று தாய் காட்டினாள். குழந்தை, "யாரை அடிப்பார்கள்?" என்று கேட்டது. பெட்டியே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன்.

புனாவில் மாறி ஏறியது சின்ன ரயில். தண்டவாளத்தின் அகலம் குறைவு, பெட்டி குறுகல், எதிரே இருப்பவரின் முழங்கால் நம் முழங்காலில் முட்டும். அப்படி என்னை முட்டியவர் ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் விபூதி, மடியில் ஃபைல்கள். நான் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டார். ஏதோ கம்பெனியின் கணக்குகளைப் பார்க்க வாஸ்கோ போகிறாராம்.

"பாய் எங்கே இருக்கேள்?"

"தாராவி சார்."

"அட, நான் மாட்டுங்காவாக்கும். நமக்கு நடுவுல ஒரு தண்டவாளம்தான். அதைத் தாண்டி ஒருத்தரை ஒருத்தர் பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டியிருக்கு பாருங்கோ!"

அவர் பாலக்காட்டுப் பக்கம். அவர் தகப்பனாரே பம்பாய்க்கு வந்துவிட்டவராம். பெயரைச் சொன்னார், ஆனால் மனதுக்குள் அவர் எனக்கு மாட்டுங்கா சார்தான். சாயங்காலம் தூக்கைத் திறந்து தயிர்சாதமும் வடுமாங்காயும் எடுத்தார். உம்மா எனக்குச் சப்பாத்தியும் வறுத்த உப்புக்கண்டமும் கட்டித் தந்திருந்தாள். இந்தக் கறியைப் பிரித்தால் மனிதர் அடுத்த பெட்டிக்கே ஓடிவிடுவார் என்று நான் பொட்டலத்தைத் துண்டுக்கடியில் அமுக்கி வைத்தேன்.

"பாய், வாசனை வந்தாச்சு. எனக்காகப் பட்டினி கிடக்காதீங்கோ. நான் இப்படித் திரும்பிக்கறேன், நீங்க அப்படித் திரும்பிக்குங்கோ" என்றார். முதுகோடு முதுகு காட்டிச் சாப்பிட்டோம். கடைசியில் ஒரு வடுமாங்காயைத் தோளுக்கு மேலே நீட்டினார். நல்ல உறைப்பு.

என்ன வேலையாகப் போகிறேன் என்று கேட்டதற்கு, தோல் வியாபாரம் என்று சொல்லி வைத்தேன். மழைக்காலத்தில் தோல் வாங்கப் போகிறவன் முழு மடையனாக இருக்க வேண்டும். அவருக்கு அது தெரியாததால் தப்பித்தேன்.

மறுநாள் பொழுது விடிந்தபோது காட்டுக்குள் இருந்தோம். காஸில் ராக் என்று ஒரு ஸ்டேஷன். கோவா நம்மோடு சேர்ந்து அதிக வருஷம் ஆகவில்லை. அதற்கு முன்னால் இதுதான் எல்லை, இங்கே ஜனங்களின் மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பார்களாம். அந்தச் சுங்கக் கொட்டகையைக் காட்டி ஒரு கோவாக்கார அம்மாள் கொங்கணியில் ஏதோ சொன்னாள். அவள் மகன் எங்களுக்காக இந்தியில் சொன்னான்: "அம்மா பம்பாயிலிருந்து வரும்போதெல்லாம் புதுச்சேலையை இரண்டு சுற்றாகக் கட்டிக்கொண்டு வருவாள். இப்போது யாரும் கேட்பதில்லை, அதனால் வாங்குவதில் ருசியே போய்விட்டது என்கிறாள்."

அங்கிருந்து ரயில் மலையில் இறங்கியது. கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. மண் சரிந்து தண்டவாளத்தில் விழுந்திருக்கிறது, அள்ள நேரமாகும் என்றார்கள். பெட்டியில் முணுமுணுப்பு அடங்கியதும் ஓர் இரைச்சல் கேட்டது. ரயில் இரைச்சல் என்று நினைத்தேன். ரயில்தான் நிற்கிறதே? தூத்சாகர் அருவி என்றார்கள். வளைவுக்கு அப்பால் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை எத்தனை நாழிகை கேட்டுக்கொண்டே இருப்பது? வாப்பா படுத்துக்கிடந்த இடத்திலும் இப்படித்தானே ராவும் பகலும் கேட்டிருக்கும்? யாரும் கேட்காமலே மாட்டுங்கா சாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் ஃபைலை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு, "எங்களுக்கு ஒரு வழி இருக்கு பாய். ஆள் காணாமப் போனா பன்னண்டு வருஷம் பார்ப்போம். அப்புறம் தர்ப்பையில ஒரு உருவம் பண்ணி, அதுக்குக் கொள்ளி வெச்சுட்டுக் காரியத்தை ஆரம்பிச்சுடுவோம். உங்களுக்கு அப்படி ஏதாவது...?" என்று இழுத்தார்.

"உருவம்லாம் எங்களுக்குக் கிடையாது சார்."

"உங்க மனசுல என்ன தோணறது? இருக்காரா, இல்லையா?"

யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. உம்மாவுக்கு ஒரு பதில் தேடி அலைந்ததில், எனக்கு என்ன வேண்டும் என்று நானே கேட்டுக்கொள்ளவில்லை. "இருந்தா நல்லாருக்கும் சார்" என்றேன். முப்பது வயசு ஆம்பிளை, பெட்டி நிறைய ஜனம் பார்க்க அழுதேன். கோவாக்கார அம்மாள் மடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

ரயில் நகர்ந்தபோது சார் எழுந்து, ஜன்னலோரத்தை எனக்கு விட்டார். அருவி பக்கத்திலேயே வந்தது. மலையுச்சியிலிருந்து விழுந்து, தண்டவாளத்துப் பாலத்துக்கு அடியில் ஓடியது. சாரல் உள்ளே அடித்து எல்லோரும் நனைந்தோம். கூச்சலும் சிரிப்புமாக இருந்தது. அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் தாண்டினேன்.

வாஸ்கோவில் இறங்கும்போது மத்தியானம். சார் விடைபெறும்போது, "நல்ல சேதியா இருக்கட்டும் பாய்" என்று சொல்லிவிட்டு, எது நல்ல சேதி என்று அவருக்கே குழம்பியதுபோல் நின்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஊர் முழுக்கச் செம்மண். மழைத்தண்ணீர்கூடச் சிவப்பாக ஓடியது. ஓட்டு வீடுகள், வாசலில் சிலுவை, கடைப்பலகைகளில் இன்னும் போர்த்துக்கீசிய எழுத்து. சைக்கிளில் ரொட்டி விற்கிறவன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். ஆறு பேர் படுக்கிற அறையிலிருந்து வந்த எனக்கு, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் நாலு தென்னை நிற்பது வீண் செலவாகத் தோன்றியது. கைத்தான் வீடு எது என்று கேட்டேன். எந்தக் கைத்தான் என்று திருப்பிக் கேட்டார்கள். இங்கேயும் அதே கதைதான். கால் முறிந்த கைத்தான் என்றதும் வழி காட்டினார்கள்.

பெரிய உடம்பு, நரைத்த மீசை. கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தேநீரும் உள்ளே ஏதோ வைத்த ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் தயங்குவதைப் பார்த்து, "முட்டைதான், பன்றிக்கறி இல்லை" என்றாள். பம்பாய் இந்தியில் பேசினோம்.

"மாசி மாதத்துக் கப்பலில் ஒருவர் இறந்தாரே, செய்யது மீரான்?"

"பேர் எனக்கு எதற்கு? நான் படுக்கையைத்தான் பார்ப்பேன். ஒரு கிழவர் போனார், ஆமாம்."

"ஆள் எப்படி? குட்டையாக, தாடியோடு?"

"ஹஜ் கப்பலில் தாடி இல்லாதவன் நான் ஒருவன்தான்."

"வலது கட்டை விரலில் நகம் இருந்ததா? எங்கள் வாப்பாவுக்கு இருக்காது. கத்தி பட்டுப் போய்விட்டது."

யோசித்தார். தெரியவில்லை, கவனிக்கவில்லை என்றார். அரிசி வியாபாரி என்று ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். அப்படியும் இருக்கலாம் என்றார். எனக்குள் ஏதோ குதித்தது. அது வாப்பா இல்லை, வாப்பா மக்காவில் இருக்கிறார், உம்மா சொன்னதுதான் சரி! பொழுதோடு ரயில் இருந்தால் ஏறிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ரொட்டியை எடுத்துத் தின்னத் தொடங்கினேன்.

அவர் பழைய நினைப்பில் தானாகவே சிரித்தார். "நல்ல கிழவர். காய்ச்சலில் கிடந்தும் வாய் சும்மா இருக்காது. நான் குனிந்து தண்ணீர் கொடுத்தால், தண்ணீரைக் குடிக்காமல் என் பெல்ட்டைப் பிடித்துத் தடவிப் பார்ப்பார். 'எவன் விற்றான் உனக்கு? இது தோலா? அட்டையில் சாயம் பூசி ஒட்டியிருக்கிறான். உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டான்' என்பார். தினமும் இதே பாட்டுதான். 'திரும்பி வந்ததும் தாராவிக்கு வா, அசல் தோலில் ஒன்று தைத்துத் தருகிறேன், நீ செத்தாலும் அது கிழியாது' என்று சொல்வார்."

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டேன். வாப்பாவின் குரலே கேட்டது. பஸ்ஸிலும் டீக்கடையிலும் முன்பின் தெரியாதவன் செருப்பைக்கூட அப்படித்தான் குறை சொல்வார். எத்தனை முறை அவரோடு போக வெட்கப்பட்டிருக்கிறேன்.

கைத்தான் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் மனைவி வந்து என் தோளில் கை வைத்தாள். எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். உங்கள் ஆட்களே குளிப்பாட்டினார்கள், அவர் பெட்டியிலிருந்த வெள்ளைத் துணியில்தான் சுற்றினார்கள், தொழுகை நடந்தது, எஞ்சினை மெதுவாக்கினார்கள், விடியற்காலை, கடல் அமைதியாக இருந்தது.

"முந்தின சாயங்காலம் 'மக்கா எந்தப் பக்கம்?' என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? கப்பல் அங்கேதானே போகிறது என்று, போகிற பக்கம் கையைக் காட்டினேன். அந்தப் பக்கமே திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் காட்டியது தப்பா?"

"தப்பில்லை" என்றேன். சரியா தப்பா என்று எனக்கும் தெரியாது. வேறு என்ன சொல்ல முடியும்?

கிளம்பும்போது என் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். வாப்பா தைத்தது. அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். சொன்ன சொல்லோடு போயிருக்கிறார், நீங்கள் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்றேன். வாங்கி, கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு மார்போடு வைத்துக்கொண்டார். அவர் மனைவி ஒரு சணல் கயிறு கொடுத்தாள். தாராவிவரைக்கும் கால்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் வந்தேன். திரும்பி வந்த வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அருவி அங்கேயேதான் இருந்திருக்கும்.

வீட்டில் உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "என்னல, இடுப்புல கயிறு?" என்று கேட்டாள். பெல்ட் கதையைச் சொன்னேன். அட்டைத் தோல் என்ற இடம் வந்ததும் சிரித்தாள். "அவுகதான். யார்ட்டயும் வாயடிக்காம இருக்க மாட்டாக" என்றாள். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையிலிருந்த மீனைச் சட்டியில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

ஹஜரத்தைக் கூட்டிவந்தேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பிறகு தயக்கத்தோடு சொன்னார். "சேதி தெரிஞ்ச நாளு கணக்கில்ல காசிம். மவுத்தான நாள்லேருந்துதான் கணக்கு. அப்படிப் பார்த்தா, இத்தா காலம் இந்த வாரத்தோட முடிஞ்சு போச்சு. உம்மா இனி இருக்க வேண்டியதில்ல."

கூடியிருந்த பெண்களில் ஒருத்தி, "அல்லா லேசாக்கிட்டான் மைனி" என்றாள்.

உம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து வாசல் பக்கம் வந்தாள்.

"முடிஞ்சு போச்சா? நான் எப்ப இருந்தேன் ஹஜரத்? பச்சைச் சேலை கட்டுனேன், மீனு வாங்குனேன், அவுக வருவாகன்னு பாயை உதறிப் போட்டேன். அதுவா எனக்குக் கணக்கு?"

"மார்க்கச் சட்டம் அப்படித்தாம்மா. உங்க மேல குத்தமில்ல."

"குத்தமிருக்கா இல்லையான்னா கேட்டேன்? அவுகளுக்கு நாலு மாசம் ஆயிருக்கலாம். எனக்கு இன்னைக்குத்தான் மவுத்தானாக."

உம்மா மூக்குத்தியைத் திருகிக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே போய், பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து உதறுகிற சத்தம் கேட்டது.

"ஏல காசிம், வந்தவுகளையெல்லாம் அனுப்பிட்டு அந்தக் கதவைச் சாத்து" என்றாள்.